கேஷ் காசிலிருந்து வந்ததா? ஒரு சொல்லின் வேரைத் தேடும் வழி

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை மத்தியானம் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 12 முதல் 16 வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் மொழியான கிரியோல் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிப்பார்கள். தமிழ் அவர்களுக்குக் கோயிலோடும் காவடியோடும் வருகிற மொழி. நான் பிறந்தது காரைக்காலில். 1986இல் கல்யாணமாகி மொரீஷியஸ் வந்தேன். மூன்று வருடம் கழித்து ஒரு மளிகைக் கடையில் கேஷியராகச் சேர்ந்து, 28 வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பில் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, கறி, அப்புறம் காசு. கடைசிச் சொல்லுக்கு எதிரே கேஷ் என்று எழுதி ஒரு கோடு இழுப்பேன். வருடக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். "மிஸ், அப்போ லாகேஸ்?"

லாகேஸ் என்றால் கிரியோலில் கடையின் பணப்பெட்டி, பணம் கட்டும் இடம். பிரெஞ்சில் கேஸ். 28 வருடம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே அதுதான் பெயர். கேஷ் காசிலிருந்து வந்தது என்றால் பிரெஞ்சுக்காரனின் கேஸ் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடித்தேடிப் பழகிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கேஷை வைத்துச் சொன்னாலும் எந்தச் சொல்லுக்கும் இதே முறை பொருந்தும்.

எடுத்ததும் அகராதியைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் அந்தச் சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த வாக்கியங்களாக எழுதுங்கள். பிள்ளைகளிடம் கேட்டபோது வந்தவை இவை: கேஷாகக் கொடுக்கிறீர்களா, கார்டா? செக்கைக் கேஷாக்கினேன். கேஷ் கிராப் என்றால் பணப்பயிர். இந்தத் தீவில் அது கரும்பு. கேஷியர். ஒரு பையன் மட்டும், ஏதோ போர்க்கதையில் ஒரு அதிகாரியை ராணுவத்திலிருந்து கேஷியர் செய்தார்கள் என்று படித்ததாகச் சொன்னான். இன்னொருத்தன் சீனத்துச் சதுர ஓட்டை நாணயத்தின் படத்தைக் காட்டி, இதற்கும் கேஷ் என்றுதான் பெயர் போட்டிருக்கிறது என்றான். இந்தக் கடைசி இரண்டும்தான் முக்கியம். மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற பொருளைக் கண்டால் அதை வட்டமிட்டு வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வேறொரு சொல் ஒளிந்திருக்கும்.

இப்போது அகராதி. நல்ல பெரிய ஆங்கில அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டலுள்ள சொல் இரண்டு மூன்று இடத்தில் தலைச்சொல்லாக வரும். ஒவ்வொன்றின் தோளிலும் 1, 2 என்று பொடி எண் இருக்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணின் அர்த்தம் இது: இவை பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிறப்பு வேறு. ஒரே தலைச்சொல்லுக்குக் கீழே வரிசையாக வரும் எண்கள் அப்படியில்லை. அவை ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்கள், அதாவது ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தமிழிலும் இப்படி உண்டு. மாலை என்றால் பொழுது, மாலை என்றால் பூமாலை. இரண்டையும் நாம் ஒன்றாக நினைப்பதில்லை. ஆங்கிலச் சொல் என்றதும் மட்டும் அந்த நிதானம் போய்விடுகிறது.

கேஷுக்கு அகராதியில் இரண்டு தலைச்சொற்கள் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் வருவது ஒன்று. கீழைநாடுகளின் சிறு செப்புக்காசு என்ற பொருளில் வருவது இன்னொன்று. தனித்தனியாகத் துரத்த வேண்டும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லைப் பின்னோக்கித் துரத்தும்போது, "இதற்கு இன்றைக்கு என்ன பொருள்" என்பதை மறந்துவிட்டு, "எழுத்தில் முதலில் வந்தபோது என்ன பொருள்" என்று பாருங்கள். கேஷ் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 1590களில். அப்போது அதற்குப் பெட்டி என்ற பொருளும் இருந்தது, பணம் வைக்கிற பெட்டி. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பணத்துக்கு ஆகி, பெட்டி என்ற பொருள் கழன்று விழுந்துவிட்டது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுக் கேஸிலிருந்து வந்த சொல் என்று காட்டிவிட்டு, பெட்டியிலோ கையிலோ இருக்கிற பணம் என்று விளக்கம் தருகிறது. பிரெஞ்சுக்கு மேலே போனால் இத்தாலிய காஸ்ஸா. அதற்கும் மேலே லத்தீன் காப்ஸா, பெட்டி. அதற்கு அடியில் பிடித்து வைத்துக்கொள்ளுதல் என்ற வினை. மருந்துக் காப்ஸ்யூல், பாட்டுக் கேட்ட கேசட், கண்ணாடி வைக்கிற கேஸ் எல்லாம் அந்த ஒரே குடும்பம். கோர்ட் கேஸ் மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது விழுதல், நேர்தல் என்ற வேறு லத்தீன் சொல்லின் வழி வந்தது.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழைக் காட்டுங்கள். கல்லா என்பது கடைக்காரரின் பணப்பெட்டி. ஆனால் "படம் நல்லா கல்லா கட்டுது" என்கிறோம். அங்கே கல்லா பெட்டியா பணமா? கோயில் உண்டியலையும் பாருங்கள். உண்டியல் என்றால் காணிக்கைப் பெட்டி. வெளிநாட்டிலிருந்து ஆள்வழிப் பணம் அனுப்புவதற்கும் உண்டியல் என்றுதான் பெயர். பெட்டிக்கும் பணத்துக்கும் நடுவில் சொற்கள் இப்படிப் போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு மாற்றத்தை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால், அதே மாற்றம் இன்னொரு மொழியில் நடந்திருக்கிறதா என்று தேடுவது நல்ல சோதனை. லாகேஸ் பற்றிய அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. லாகேஸும் கேஷும் அக்கா தங்கை. இரண்டுக்கும் நம் காசு உறவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனத்தது உண்மை. ஆனாலும் தேதியைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்ததே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். சென்னையில் அவர்கள் கால் ஊன்றியது 1639இல். நம் கடைவீதிக்கு அவர்கள் வந்து சேருமுன்பே அவர்கள் கல்லாவில் கேஷ் இருந்திருக்கிறது. சொல் பயணம் போக ஆளும் கப்பலும் வேண்டும். எந்தச் சொல்லுக்கும் "யார், எந்த வழியாக, எந்த வருடம் கொண்டுபோனார்கள்" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக் கோடு இழுக்காதீர்கள்.

சரி, இரண்டாவது கேஷுக்கு வருவோம். இங்கே மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது.

என் பாட்டி வைத்திருந்த ஒரு செப்புக்காசு இப்போது என்னிடம் இருக்கிறது. தடியாக, விளிம்பு சரியில்லாமல், கையில் வைத்தால் புளி தேய்த்த பாத்திரத்தின் வாசனை அடிக்கும். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூ. திருப்பினால் தமிழெழுத்தில் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் தூதூ, நம் துட்டுதான். இதற்கும் கீழே ஒரு சின்னக் காசு இருந்தது. அதற்குப் பெயர் காஷ், நம் காசு. மேலே ஃபனோன், நம் பணம். ஒரு வரிசை முழுக்க நம் சொற்கள்.

ஆங்கிலேயர் பக்கத்திலும் அப்படியே. சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் பகோடா என்ற ஒரு தங்க நாணயம். 1818இல் அங்கே ரூபாய் முறை நிலைபெறும்வரை கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள் இப்படித்தான் இருந்தன. பர்மிங்ஹாமில் ஆவி எந்திரத்தில் அடித்த 10 கேஷ், 20 கேஷ் நாணயங்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் அப்படி டன் கணக்கில் காசு ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூழ்காளிகள் லட்சக்கணக்கில் அந்தக் காசுகளை எடுத்தார்கள். அதனால் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. லண்டனில் இருக்கும் என் அக்கா மகன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். 1808 என்ற ஆண்டு, கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்கடியில் ரோமன் எண்ணில் பத்து, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் கேஷ். வகுப்பில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். தமிழ்ச் சொல் பர்மிங்ஹாமில் அச்சாகி, 170 வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்து, ரோஸ் ஹில்லுக்கு வந்திருக்கிறது. திருவிதாங்கூரில் 16 கேஷ் ஒரு சக்கரம் என்ற கணக்கு 1940களின் இறுதிவரை ஓடியது. சீனத்து ஓட்டைக்காசுக்கும் ஐரோப்பியர்கள் இதே பெயரை ஒட்டிவிட்டார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் காசு என்று கேட்டவர்கள் ஏன் கேஷ் என்று எழுதினார்கள்? இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நடுவில் போர்ச்சுகீசியர் இருக்கிறார்கள். டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரருக்கு முன்பே நம் கடற்கரைக்கு வந்தவர்கள் அவர்கள். காசு என்ற சொல்லைக் கேட்டு, தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த காய்ஷா என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் பெட்டி! அதுவும் லத்தீன் காப்ஸாவின் வழி வந்ததுதான். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதைத் தங்கள் கேஷ் மாதிரியே எழுதினார்கள். இப்படி உறவே இல்லாத இரண்டு சொற்கள் இரண்டு முறை ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. மக்கள் கேள்விப்படும் புதுச்சொல்லைத் தெரிந்த சொல்லின் வடிவத்தில் அடைத்துக்கொள்வார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பல முடிச்சு அவிழும்.

இதையெல்லாம் விளக்கமாகப் படிக்க ஹாப்சன்-ஜாப்சன் என்ற பழைய அகராதி இருக்கிறது. 1886இல் வந்தது. அதைத் தொகுத்த யூல், பர்னெல் இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். கேஷ் என்ற பதிவில் இரண்டு சொற்களையும் பிரித்தே காட்டியிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் இணையத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துத் தேடுங்கள். இங்கே மொரீஷியஸில் இருப்பவர்கள், 2009இல் வந்த அர்னோ கார்ப்பூரனின் கிரியோல் அகராதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிரியோலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வட்டமிட்டு வைத்த கேஷியர் விஷயத்தை எங்களுக்கு அவிழ்த்துக் கொடுத்ததே அதுதான். ராணுவத்தில் அதிகாரியைக் கேஷியர் செய்வது என்றால் பதவியைப் பறித்து வெளியேற்றுவது. கல்லா கேஷியருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் யோசித்து யோசித்து, திருடியதால் துரத்தியிருப்பார்கள் என்றுகூடக் கதை கட்டினார்கள். நான் கிரியோலில் "காஸ் லாதெத்" என்றேன், மண்டையை உடைத்துக்கொள்வது. எல்லோருக்கும் தெரிந்த தொடர். காஸே, உடைப்பது. பிரெஞ்சிலும் அதே வினை, ரத்து செய்வது என்ற பொருளும் அதற்கு உண்டு. அது டச்சு மொழிக்குள் போய், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துப் போர்களுக்குப் போன ஆங்கிலச் சிப்பாய்களிடம் ஒட்டிக்கொண்டது. கல்லாவில் இருப்பவர் பெட்டிக்காரர். ராணுவத்தில் நடப்பது உடைப்பு. வேறு வேறு.

மற்ற ஒத்தொலிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கம்ப்யூட்டரில் தற்காலிகமாகத் தகவலை வைக்கும் இடத்துக்கும் கேஷ் என்றே சொல்கிறோம். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. அது ஒளித்து வைப்பது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, கிரியோலின் காஸியெத் போல. முந்திரிக்கான காஷ்யூ பிரேசிலின் துப்பி மக்கள் சொல், போர்ச்சுகீசியர் வழி வந்தது. காஷ்மீர் கம்பளி காஷ்மீரின் பெயர்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லை எப்படிச் சோதித்தோமோ, அதே கண்டிப்போடு நம் சொல்லையும் சோதிக்க வேண்டும். காசு தமிழில் எவ்வளவு பழையது? குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் ஒரு கிளி வளைந்த அலகில் வேப்பம்பழத்தை வைத்திருக்கிறது. பொன் அணிக்குப் புது நூல் கோக்கிறவரின் கூரிய நகத்தில் இருக்கும் ஒரு காசு போல அது இருக்கிறதாம். அங்கே காசு என்பது கோக்கிற பொன்மணி, செலவழிக்கிற நாணயமில்லை. பிற்பாடு, 7ஆம் நூற்றாண்டில், சம்பந்தர் திருவீழிமிழலையில் பாடுகிறார்: "வாசி தீரவே காசு நல்குவீர்." பஞ்ச காலத்தில் இறைவன் அவருக்கும் அப்பருக்கும் தினம் ஒரு காசு கொடுத்தார் என்பது வரலாறு. சம்பந்தருக்குக் கிடைத்ததைக் கடையில் வட்டம், அதாவது மதிப்பில் ஒரு கழிவு, பிடித்துத்தான் மாற்றினார்கள். அந்த வட்டத்துக்குப் பெயர் வாசி. குறைவில்லாத காசாகக் கொடு என்று கேட்கிறார். கோயிலில் சிறு வயதிலிருந்து பாடிய பதிகம். கல்லாவில் உட்கார்ந்து, கிழிந்த நோட்டையும் அந்நிய நாணயத்தையும் வாங்கி மாற்றிய பிறகுதான் அந்த வரியின் வலு எனக்கு முழுசாகப் புரிந்தது. இந்த இடத்தில் காசு சந்தேகமில்லாமல் நாணயம்.

காசையும் கர்ஷம் என்ற பழைய வடமொழி எடைப்பெயரோடு இணைக்கிறவர்கள் உண்டு. ஹாப்சன்-ஜாப்சன் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளைகளிடம் அதையும் சொல்கிறேன். துட்டு இருக்கிறதே, ஊர்ப்பக்கம் நாம் நாக்கில் வைத்துக்கொண்டே இருக்கும் துட்டு, அது டச்சுக்காரர்களின் டொய்ட் என்ற செப்புக்காசின் பெயர். அதை நாம் வாங்கித் துட்டாக்கினோம். பிரெஞ்சுக்காரன் நம்மிடம் வாங்கித் தூதூவாக்கிப் பாட்டியின் காசுக்கு வைத்தான்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்டார். கேஷ் தமிழ்தான் என்று சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்குமே என்றார். அவர் ஆசை எனக்குப் புரிகிறது. இந்தத் தீவில் தமிழுக்கான இடத்தை நாங்கள் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறோம். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 1999இல் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். அந்த மாதங்களில் இரண்டு விதமும் என் கை வழியாகப் போனது. நோட்டை நீட்டுமுன் ஒரு தடவை திருப்பிப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இல்லை. 100 ரூபாய் நோட்டில் மொரீஷியஸ் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் முகம் இருக்கிறது. அந்த உரிமை உண்மையானது, ஆதாரம் உள்ளது. அதனால்தான் பொய்க்கோடு இழுக்கக் கூடாது என்கிறேன். ரொக்கக் கேஷ் தமிழில்லை என்று ஒரு பிள்ளை நாளைக்குத் தானே கண்டுபிடித்தால், கட்டுமரத்தையும் சுருட்டையும் சேர்த்து நம்பாமல் போய்விடும். செப்புக் கேஷ் நம்முடையது. அதற்குக் கப்பலும் வருடமும் நாணயமும் சாட்சி. அது போதும்.

தேடியதை எழுதி வைக்க, ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை என்று வையுங்கள். மேலே சொல். இடப்பக்கம் பழைய பொருள், வருடம், எந்த அகராதியில் பார்த்தது. வலப்பக்கம் வந்த வழி, மொழி மொழியாக. கீழே ஒரு கோடு போட்டு, பார்க்க உறவு போல இருந்து உறவில்லாமல் போனவற்றை எழுதுங்கள். அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். அடுத்து வருபவர் அதே குழியில் விழ வேண்டியதில்லை. உறுதியில்லாததைப் பென்சிலில் எழுதுங்கள். எங்கள் அட்டையில் கர்ஷம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

லாகேஸ் கேட்ட பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் எழுதிய கேஷ் அட்டை கூடத்துச் சுவரில் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமைக்கான சொல் செக். வங்கியில் கொடுக்கிற செக்கும், சரிபார்க்கிற செக்கும், கட்டம் போட்ட செக் சட்டையும் ஒன்றா வேறா என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தடயம் கொடுத்தேன்: சதுரங்கப் பலகையில் பாரசீக ராஜாவை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பாருங்கள்.